ஐம்பத்திரண்டரை மணி நேரம்

என் அறையில் 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டாத பொருள் அநேகமாக நான் ஒருவன்தான். மீட்டரில் ஒட்டியிருக்கிறேன், மின்சாரம் கொடுக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கிறேன், நாற்காலியில்கூட ஒட்டியிருக்கிறேன். நாற்காலியில் எதற்கு என்று கேட்டவர்களிடம், உயரம் மாறினால் மீட்டரைப் பார்க்கும் கோணம் மாறும், கோணம் மாறினால் எண் மாறும் என்று சொல்லிவந்தேன். எண்ணாகவே காட்டுகிற மீட்டருக்குக் கோணம் ஏது சார் என்று ஒருநாள் ஒரு பெண் கேட்டாள். ஆனாலும் சீட்டை நான் எடுக்கவில்லை.

நான் வெளிச்சத்தை அளக்கிறவன். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்.இ.டி. சில்லுகளைப் பல பேர் வளர்க்கிறார்கள், வெட்டுகிறார்கள், கம்பி வைத்து இணைக்கிறார்கள். கடைசியில் எல்லாம் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரக்கூடிய பெரிய கோளம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உட்புறம் முழுக்க வெள்ளைப் பூச்சு. சில்லை அதற்குள் வைத்து எரியவிட்டால், எந்தப் பக்கம் போன வெளிச்சமும் தப்பாமல் சுவரில் பட்டுப் பட்டுக் கடைசியில் என் மீட்டரிடம் வந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே போன மின்சாரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளிச்சமாக வந்தது, எத்தனை பங்கு சும்மா சூடாகித் தொலைந்தது என்று நான் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு சிலர் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

வளர்க்கிறவர்களில் ஒருத்தி என் மனைவி. அவள் வேலை பச்சை. கூடத்தில் எல்லோரும் அவளைப் 'பச்சை மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நீலச் சில்லும் சிவப்புச் சில்லும் ஒருவழியாகத் தேறிவிட்டன. நடுவில் இருக்கிற பச்சைதான் படுத்தி எடுக்கிறது. மூன்றையும் கலந்து அருமையான வெள்ளை வெளிச்சம் செய்யலாம், மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் மூன்று பேர் தூக்குகிற கட்டிலில் ஒருவனுக்குக் கால் பிசகினால் மற்ற இருவரும் என்ன செய்ய முடியும்?

அவளுடைய உலைக்குள் சூடான தட்டு ஒன்று சுழலும். அதன்மேல் ஆவியாக வரும் உலோகங்கள் அணு அணுவாகப் படிந்து படிகமாக வளரும். பச்சை நிறம் வர இண்டியம் என்ற உலோகம் கூடுதலாக வேண்டும். சூடு இரண்டு டிகிரி கூடினால் இண்டியம் ஓடிப்போய்விடும். இரண்டு டிகிரி குறைந்தால் படிகம் கெட்டுவிடும். பதினோரு வருஷமாக அந்த இரண்டு டிகிரிக்கு நடுவில்தான் அவள் குடித்தனம் நடத்துகிறாள். என்னோடு நடத்துவது பகுதிநேரம்.

மனைவி வளர்க்கிறாள், கணவன் அளக்கிறான் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சில்லுகள் வளர்ந்த தட்டுகள் என்னிடம் வெறும் வரிசை எண்ணோடு வரும். யாருடையது என்று எழுதியிருக்காது. அளந்த அளவைத் தாளில் அடித்து வாசலில் இருக்கும் தட்டத்தில் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்தபின் அதைப்பற்றி அவள் கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. உண்மையில் பச்சையாக எரிகிற தட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

முதல் வருஷம் அவளுடைய பச்சை நூற்றுக்கு இருபத்திரண்டு. அடுத்த வருஷம் இருபத்து மூன்றரை. இப்படியே எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து முப்பத்தேழுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு வருஷம் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கூடத்தின் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள். "இந்த வருஷ ஆய்வுக் கூட்டத்துக்குள்ள நாற்பது காட்டுங்க மேடம். காட்டிட்டா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு யாரும் உங்களை அசைக்க முடியாது. காட்டலேன்னா உலையை நீலக் குழுவுக்குக் குடுக்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டார். அவள் சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு இரவு சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் அதிசயம் நடந்தது. முப்பத்தேழரை. முப்பத்தெட்டே முக்கால். முப்பத்தொன்பதே முக்கால். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தட்டு வந்தது. கோளத்தில் வைத்தேன். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதேதான். தாளை அடித்துத் தட்டத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடைபாதையில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஐம்பது வயதுக்காரி ஓடக் கூடாத ஓட்டம் அது. அவள் உள்ளே வரவில்லை. கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பதினோரு வருஷம் அந்த அறையில் உட்காரத் தயாராக இருந்தேன்.

கூட்டம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில், அவள் பேசப்போகிற அளவுக்கு ஒரு பிழை வரம்பு எழுதித் தரலாமே என்று உட்கார்ந்தேன். அதற்கு முதல் வேலை, 'பெரியவரை' எரியவிடுவது. பெரியவர் என்பது ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிற ஒரு நீலச் சில்லு. எப்போது எரித்தாலும் ஒரே அளவு வெளிச்சம்தான் தருவார். என் கருவிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை அவரை வைத்துத்தான் பார்ப்பேன். போன மாதம் அவர் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டியிருந்தார். அறையின் சூடாக இருக்கும், ஏற்கத்தக்கது என்று நோட்டில் எழுதிவிட்டேன். நான்தான் எழுதினேன், என் கையெழுத்துதான். மனைவியின் எண் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் கண் கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது.

இப்போது பெரியவர் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதலாக எரிந்தார்.

சில்லுக்கு வயதானால் வெளிச்சம் குறையும், கூடாது. எந்தப் பெரியவருக்கும் வயது திரும்பிவருவதில்லை. அவர் கூடவில்லை என்றால் அளவுகோல் குறுகியிருக்க வேண்டும்.

என் அளவுகோல் ஒரு விளக்கு. பழைய பாணிக் கம்பி விளக்குதான், ஆனால் இத்தனை மின்சாரத்தில் இத்தனை வெளிச்சம் தரும் என்று அளவை நிலையத்தில் அளந்து சான்றிதழோடு அனுப்புவார்கள். அதை எரியவிட்டு, மீட்டர் காட்டுவதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் அளப்பேன். விளக்கு மங்கிவிட்டால் மீட்டருக்கு அது தெரியாது. மங்கிய வெளிச்சத்தையே முழு வெளிச்சம் என்று நம்பி, மற்றதையெல்லாம் கூட்டிக் காட்டும். அதனால் அந்த விளக்கை ஒரு நிமிஷம்கூட வீணாக எரிக்கக் கூடாது. எரிந்த ஒவ்வொரு நிமிஷத்தையும் நோட்டில் எழுதுவேன். மொத்தம் ஐம்பது மணி நேரத்துக்குத்தான் சான்றிதழ். என் நோட்டுப்படி அது எரிந்தது ஆறு மணி பத்து நிமிஷம்.

குனிந்து மின்பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டுகிற சின்ன எண்ணி ஒன்று அங்கே உண்டு. இந்த விளக்கை மாட்டிய அன்று அதைச் சுழியத்தில் வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு மணி நாற்பது நிமிஷம் என்று காட்டியது. விளக்கின் கண்ணாடியில் உட்புறமாகப் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் நிறம்.

ஐம்பத்திரண்டரை மணி நேரம் யாரோ எரித்திருக்கிறார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரென்று தெரிந்தால் கூடத்தின் நடுவில் நிற்கவைத்துக் கேட்கிற கேள்வியில் வேலையை விட்டே ஓடிவிட வேண்டும் என்று வாக்கியங்களைக்கூடத் தயார் செய்தேன். இந்த விளக்கைப் புதிதாக மாட்டி எழுபது வேலை நாள் ஆகிறது. ஐம்பத்திரண்டரையை எழுபதால் வகுத்தேன். நாளைக்கு நாற்பத்தைந்து நிமிஷம்.

நாற்பத்தைந்து நிமிஷம் என்பது மதியம் நான் நடக்கப் போகிற நேரம். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் என் அறைச் சாவி இன்னொருத்தியிடம்தான் இருக்கும்.

தயார் செய்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்குக் கைவிரல்கள் குளிரைத் தாங்காது. உலை அறையில் எப்போதும் குளிர்காற்று ஓடும். தட்டைக் கழுவுகிற தண்ணீரும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் அங்கே நின்றால் அவள் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து மரத்துவிடும், பேனாகூடப் பிடிக்க முடியாது. ரத்தக்குழாய் சுருங்குகிறது, கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் அவளிடம் சொன்னேன்: "என் ரூம் மூலையில சக்கரம் வச்ச ஸ்டாண்டுல ஒரு விளக்கு நிக்குது பாரு. காலாவதியானது. எதுக்கும் ஆகாது. மதியம் வந்து அதுல கைய காட்டிட்டுப் போ." என் வாழ்க்கையில் ஒரு பொருளைத் தொடு என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மூன்றரை மாதத்துக்கு முன்னால் பழைய மின்பெட்டி ஒன்று கெட்டுப்போனது. மூலையில் இருந்த பெட்டி நன்றாக இருந்ததால், காலாவதி விளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கர ஸ்டாண்டில் புதுச் சான்று விளக்கை மாட்டினேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கூடம் முழுக்க முறைப்படி அறிவிப்பு அனுப்பினேன். என் அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை. ஸ்டாண்டில் 'தொடாதீர்கள்' சீட்டும் ஒட்டினேன். நாற்காலியில் ஒட்டியிருக்கும் அதே சீட்டு. இரவு ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையைப்பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை பீரோவிலிருந்து முத்திரை பிரிக்காத இன்னொரு சான்று விளக்கை எடுத்துக் கோளத்தைச் சரிசெய்து, அவளுடைய தட்டை மறுபடி வைத்தேன். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. நாலு தடவை அளந்தேன், அது மனம் மாறவில்லை.

அன்று மதியம் வழக்கம்போல நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, பத்து நிமிஷத்தில் திரும்பிவந்தேன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஸ்டாண்டின் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சூடு வேண்டும் என்று மின்சாரத்தைக் குறிக்கு மேலேயே கொஞ்சம் கூட்டி வைத்திருந்தாள். விளக்கு வேகமாக மங்கியதற்கு அதுவும் காரணம். இரண்டு கையையும் விளக்கைச் சுற்றி, தொடாமல், ஒரு குழந்தையின் முகத்தைப் பிடிக்கப் போகிற மாதிரி வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள்.

வெளிச்சம் கேட்டால் சூட்டைக் கொட்டுகிற விளக்குகளை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று பதினோரு வருஷம் பாடுபட்டவள், அப்படி வீணாகிற சூட்டில்தான் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே போய் அணை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. திரும்பிப் போய் மிச்சம் முப்பத்தைந்து நிமிஷமும் நடந்தேன். ஒரு சான்று விளக்கு வீணாக எரிகிறது என்று தெரிந்தே அதை எரியவிட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. வெயிலில் நடந்துகொண்டே அழுதேன். சர்க்கரைக்கு அது நல்லதா என்று தெரியவில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யாருக்கும் தெரியாது. விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. உலை அவளிடமே இருக்கும். இன்னும் ஆறு மாதத்தில் உண்மையாகவே நாற்பதைத் தொட்டுவிடுவாள், அப்புறம் எந்தக் கணக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. நல்ல யோசனைதான். ஒரே ஒரு குறை. வேறு யாராவது இப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டால் அந்த ஆளை என் அறைப் படியே ஏறவிடமாட்டேன்.

திருத்தப்பட்ட அளவு என்று தாள் அடித்தேன். வாசல் தட்டத்தில் போட்டேன். போட்ட கையோடு திரும்ப எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இதை அவள் ஒரு தட்டத்திலிருந்து எடுத்துப் படிக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் வீட்டில் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் மனைவி. "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாற்பத்தொண்ணு! வியாழக்கிழமை கேக் வாங்கி வெட்டப்போறோம். நீங்க வீடியோல வரணும்" என்று குதித்தாள். ஒப்பந்தம் எனக்கும் மனைவிக்கும்தானே, மகளுக்கு ஏது? நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு அவள் கேட்டாள். "என்ன, நெஞ்சு வலிக்குதா? கைய அங்கேயே வச்சிருக்கீங்க?"

"உன் நம்பர் தப்பு" என்றேன். இதைவிட நல்ல விதமாக ஆரம்பிக்க இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு."

அடுப்பை அணைத்தாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். "எதனால?"

"விளக்கு கெட்டுப்போச்சு. நான் கவனிக்கல. முழுக்க என் தப்பு. கூட்டத்துல நானே எழுந்து நின்னு சொல்லிடறேன்."

"புது விளக்குதானே? சான்று வந்து நாலு மாசம்கூட ஆகலியே. நீங்க நிமிஷக் கணக்கா எழுதி வைக்கிற ஆளு. அது எப்படிக் கெடும்?"

"சில விளக்கு அப்படித்தான்."

"பொய் சொல்லத் தெரியலேன்னா சொல்லக் கூடாது. எந்த ஸ்டாண்டுல மாட்டினீங்க?"

அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. இரண்டு டிகிரியில் பதினோரு வருஷம் குடியிருந்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அப்புறம் அவற்றை மடியில் இழுத்து ஒளித்துவைத்துக்கொண்டாள். அந்த ஒன்றைத்தான் நான் பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தேன்.

"நான்தானா?" என்றாள்.

"நீ இல்ல. நான்தான். நான்தானே அந்த விளக்குல காயச் சொன்னேன்? நான்தானே மாத்தினேன்? மாத்தினத உன்கிட்ட சொல்லாததும் நான்தானே?"

"கூட்டி வேற வச்சேன். சூடு பத்தலேன்னு திருகித் திருகிக் கூட்டினேன்."

"அது சான்று விளக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சீட்டு ஒட்டியிருந்துச்சே!"

"நாற்காலியிலயும்தான் ஒட்டியிருக்கு."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நல்லவேளை வந்தது. "அதைத்தான் கேக்கறேன். வீட்டுல உப்பு டப்பாவுலகூடச் சீட்டு ஒட்டுற மனுஷனுக்கு, வாயால ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகும்? தினமும் என் கையைப் பிடிச்சுப் பாத்து, இன்னைக்குப் பரவாயில்லையேன்னு கேக்கறீங்க. எதுல காஞ்சேன்னு ஒருநாள் கேட்டீங்களா? பேசக் கூடாது பேசக் கூடாதுன்னு பேசாமலே இருந்து எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கோம். ரெண்டு பேரும்தான். நானும் சேத்திதான்." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மடியில் இருந்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். கை சூடாகத்தான் இருந்தது, அதுவும் என்னைக் குத்தியது.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். "மகளுக்குப் போன் போடுங்க. கேக் வாங்க வேண்டாம்னு சொல்லணும்" என்றாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்று பெரிதாகப் போட்டிருந்த பக்கத்தில் அந்த எண்ணை அழித்தாள். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று என்று அதே பெரிய எழுத்தில் அடித்தாள். எழுத்தைச் சின்னதாக்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், அளக்கிறவனுக்கு அங்கேதான் இடம். அவள் எழுந்து, போன வாரம் அனுப்பிய சுருக்கத்தில் இருந்த எண் தவறு என்று ஆரம்பித்தாள். சான்று விளக்கு அதன் காலத்துக்கு மேல் எரிந்துவிட்டது, எரித்தது நான், கை குளிருக்காக எரித்தேன், அது சான்று விளக்கு என்று எனக்குத் தெரியாது என்று, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி நேராகச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். யாரும் கூடச் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். கடந்த மூன்று மாதம் ஏறியதாகத் தெரிந்ததில் எத்தனை பங்கு அவளுடையது, எத்தனை பங்கு விளக்கு மங்கியதால் வந்தது என்று பிரித்துப் படம் போட்டுக் காட்டினாள்.

கேள்வி நேரத்தில் நீலக் குழுக்காரர் கை தூக்கினார். உலை அவருக்குத்தான் போகப்போகிறது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். தப்பா அளந்ததும் உங்க வீட்டுக்காரர், திருத்தி அளந்ததும் உங்க வீட்டுக்காரர். அந்த நாற்பத்தொண்ணை நம்பச் சொன்னீங்க, நம்பினோம். இப்போ இந்த முப்பத்தொன்பதை நாங்க எதை வச்சு நம்பறது?"

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமலேயே, உட்காருங்க என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினாள்.

"வேற கூடத்துக்கு அனுப்பி அளக்கச் சொல்லுங்க சார், கண்டிப்பா அனுப்பணும். ஆனா நான் எதை வச்சு நம்பறேன்னு கேட்டீங்கன்னா, அத மட்டும் சொல்றேன். அவர் பேசாம விட்டிருந்தா உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரிஞ்சிருக்காது. இருபத்துநாலு வருஷமா அவரோட இருக்கேன். என் மனசு நோகக் கூடாதுன்னு அவர் என்னென்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரு என்கிட்டயே வந்து கொறச்சு ஒரு நம்பரைச் சொல்றார்னா, அது சரியாத்தான் சார் இருக்கும்."

நீலக்காரர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு முன்வரிசை முதுகுகளெல்லாம் கலங்கித் தெரிந்தன.

தலைவர் ரொம்ப நேரம் தாளைப் புரட்டினார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. "வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா நாற்பதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உலை நீலக் குழுவுக்கு. அவள் சரி சார் என்றாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். வேலை நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை நான் சொல்லாம இருந்திருந்தா உலை உன்கிட்டயே இருந்திருக்கும். புள்ளி ஒன்பதுதான். புள்ளி ஒன்பதுக்கு உன் பதினோரு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டேன்" என்றேன். குரல் உடைந்து கேவலமாகப் போயிற்று.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க? இருபத்திரண்டுல ஆரம்பிச்சேன். எங்க வந்து நிக்கிறேன்னு தெரிய வேண்டாமா எனக்கு? அந்த நாற்பத்தொண்ணு உங்க விளக்கோடது. அது எங்கிட்ட எத்தனை வருஷம் இருந்திருந்தாலும் என்னோடது இல்ல. முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு என்னோடது. அத யார் வந்து அளந்தாலும் என்னோடதுதான்."

சொல்லிவிட்டுத் தன் துப்பட்டா நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, உலை அதுவரை தன்னுடையதுதான் என்று சொன்னாள். மதியத்துக்குள் ஒரு தட்டு ஏற்ற வேண்டும் என்று எழுந்து போனாள்.